எக்ஸ்மவுத் பயணம்: கேரவனா, கூடாரமா, வாடகை மோட்டார்ஹோமா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் எந்த வண்டியில் போவது என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்: காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான கேரவனா, காரில் கூடாரமா, ஓட்டவும் தங்கவும் ஒரே வண்டியான மோட்டார்ஹோமா? அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது இரவு எங்கே தங்குவது என்பது. ஊருக்குள்ளே மின்சாரம், வெந்நீர்க் குளியல், பொதுச் சமையலறையோடு, கேரவன் நிறுத்தவும் கூடாரம் அடிக்கவும் இடம் தரும் கேரவன் பார்க்குகள் இருக்கின்றன. தீபகற்பத்தின் முனையைச் சுற்றி மேற்குக் கரைக்கு இறங்கினால் கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவின் கடலோர முகாம்கள். நிங்கலூ பவளத்திட்டு அங்கிருந்து நடந்து போகும் தூரம். ஆனால் குடிநீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, நிழல் அநேகமாகக் கிடையாது. குழிக் கழிப்பறை மட்டும் உண்டு. நாயைக் கூட்டிப்போக முடியாது, விறகு மூட்டவும் அனுமதி இல்லை.

கூடாரம் காட்டுக்கு, கேரவன் ஊருக்கு என்பதுதான் பலரின் கணக்கு. எக்ஸ்மவுத்தில் அதைத் திருப்பிப் போடுங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் தானே சுமந்து வரும் கேரவனுக்குத்தான் பூங்கா முகாம் பொருந்தும். ஊர்ப் பார்க்கில் அதன் வசதிகளில் பாதி சும்மா கிடக்கும். கூடாரத்துக்கோ அந்தப் பார்க்கின் குளியலறையும் சமையலறையும் பெரிய பலம்.

முதல் காரணம் தண்ணீர். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, உப்பு போக உடம்பை ஒரு முறை அலச, ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், ஐந்து நாள் என்றால் 200 லிட்டர். நடுத்தரக் கேரவனில் 95 லிட்டர் தொட்டி இரண்டு இருக்கும்; கூட ஒரு 20 லிட்டர் கேன் போதும். கூடாரக்காரர் அதே தண்ணீரைப் பத்துக் கேன்களில் காருக்குள் ஏற்ற வேண்டும். அதுவே 200 கிலோ. பாதியாகக் குறைத்துக்கொண்டால் நடுவில் ஊருக்கு ஒரு நடை உண்டு. ஓஸ்ப்ரே பே போன்ற தெற்கு முகாமிலிருந்து போய் வந்தால் அன்றைய காலை அதிலேயே போய்விடும்.

இரண்டாவது காற்று. தரை பல இடங்களில் மணல் போலத் தெரியும். ஓரிரு அங்குலத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் சுத்தியலின் மூன்றாவது அடியில் வளைந்துவிடும். 30 சென்டிமீட்டர் கனத்த எஃகு முளைகளோ, பேட்டரி டிரில்லால் இறக்கும் திருகு முளைகளோ கொண்டுபோங்கள். கண்ணாடியிழைக் கம்பி வளைந்து நிற்கும் மலிவான கூடாரத்தில் முதலில் போவது கம்பியின் இணைப்புக் குழாய். அங்கே பிளந்தால் கூர்முனை துணியைக் கிழித்துக்கொண்டு வரும். நடுக்கம்பம் ஒன்றோடு நிற்கும் கித்தான் கூடாரம் கனம்தான், ஆனால் இந்தக் காற்றுக்குத் தாங்கும். காற்று வரும் பக்கம் காரை நிறுத்திவிட்டு அதன் மறைவில் கூடாரத்தை அடியுங்கள்.

கேரவன்காரரும் இதில் தப்பவில்லை. இழுத்து விரிக்கும் முன்கூரைதான் எக்ஸ்மவுத்தில் அதிகம் உடையும் பாகம். பகலில் இரண்டு பக்கமும் பட்டைபோட்டுக் கட்டுங்கள், முகாமை விட்டுக் கிளம்பினால் சுருட்டுங்கள், இரவில் கட்டாயம் சுருட்டுங்கள்.

மூன்றாவது குளிர்பெட்டி. 40 லிட்டர் 12 வோல்ட் பெட்டி வெயில் நாளில் 30 முதல் 50 ஆம்ப்-அவர் வரை இழுக்கும். 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரியும் 200 வாட் சூரியத் தகடும் இருந்தால் கவலையில்லை. சில முகாம்களில் மட்டுமே ஜெனரேட்டர் ஓட்ட விடுவார்கள் என்பதால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஐஸ் பெட்டிதான் என்றால் ஊர்ப் பார்க்கே சரி.

இத்தனை வசதிக்கும் விலை பயணத்தில் தெரியும். பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். நாலு சக்கரமும் இயங்கும் டீசல் வண்டி கேரவன் இல்லாமல் 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடித்தால், கேரவனோடு 18 குடிக்கும். எதிர்காற்றில் 22-உம் ஆகும். போக வர 2,500 கிலோமீட்டருக்கு 275 லிட்டர், 450 லிட்டர். இந்த 175 லிட்டரின் விலையைக் கேரவன் கணக்கில் எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். வழியில் கார்னார்வன் ஊரிலும், அதற்கு வடக்கே மினில்யா ரோட்ஹவுஸிலும் டீசல் தொட்டியை நிரப்பிக்கொள்வது நல்லது. கார்னார்வனில் தோட்டத்து வாழைப்பழமும் காய்கறியும் கிடைக்கும். ஒரு வாரத்துக்கானதை அங்கேயே வாங்கலாம்.

எடைதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். காலி எடை 2,100 கிலோ, முழுச் சுமையோடு அனுமதி 2,600 கிலோ என்றால் 500 கிலோ ஏற்றலாம் என்று தோன்றும். தண்ணீர் 190. ஒன்பது கிலோ எரிவாயு உருளை இரண்டு, உருளையின் எடையும் சேர்த்து 35-ஐ ஒட்டி வரும். படுக்கை, நாற்காலி, மேசை, சமையல் சாமான், உணவு, துணி எல்லாம் சேர்ந்தால் 200 சுலபம். மிச்சம் 75 கிலோதான், கடையில் பொருத்திய கூடுதல் பேட்டரியும் சைக்கிள் தாங்கியும் அதற்குள் அடங்க வேண்டும். இன்னொன்று: கேரவன் எடையில் 10 சதவீதம் போல, அதாவது 250 கிலோ, கேரவனைக் காரோடு கோக்கும் உருண்டையான டோ பால் வழியாகக் காரின் முதுகில் உட்காரும். அதுவும் ஆட்களின் எடையும் சேர்ந்து காரின் சுமை வரம்பைத் தின்னும். பொது எடைமேடையில் முழுச் சுமையோடு ஒரு முறை ஏற்றிப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. கனத்தைப் பின்கோடியில் வைத்து டோ பால் எடையைக் குறைத்தால் கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும். பல பெட்டிகளை இழுத்து வரும் நீள லாரியான ரோடு டிரெயின் எதிரே கடக்கும் நேரத்தில் ஆட்டம் வந்தால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, கையால் இயக்கும் கட்டுப்பாட்டில் கேரவன் பிரேக்கை மட்டும் லேசாகப் போடுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேரவன் சக்கரங்களின் நடுக்குடத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் பேரிங் காய்கிறது, இல்லையென்றால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழியில் கெரால்டன், கார்னார்வன் போன்ற ஊரில் கண்டுபிடித்தால் பட்டறை உண்டு. ஊர்களுக்கு நடுவே கண்டுபிடித்தால் இழுவை வண்டிக் கூலிதான்.

விரித்தால் கூடாரமாகும் இழுவை வண்டியான கேம்பர் டிரெய்லர், கேரவனுக்கும் கூடாரத்துக்கும் நடுவே நிற்கிறது. எரிபொருள் குறையும், சிறிய தண்ணீர்த் தொட்டி உண்டு, படுக்கை தரைக்கு மேலே. காற்றில் விரித்து முடிக்க அரை மணி ஆகும் என்பதால் ஒரே இடத்தில் நாலைந்து இரவு தங்குகிறவர்களுக்கே லாபம். வழியில் ஒவ்வோர் இரவும் விரித்து மடித்தால் பொறுமை போய்விடும்.

வாடகை மோட்டார்ஹோமை இந்த ஊருக்கு நான் கடைசியில்தான் வைப்பேன். ஓட்டச் சுலபம்தான். ஆனால் பூங்காவின் டர்க்குவாய்ஸ் பே கடற்கரையில் நீந்தப் போக வேண்டும் என்றால் படுக்கை, பாத்திரம் எல்லாவற்றையும் கட்டி வீட்டையே எடுத்துக்கொண்டு போக வேண்டும். பல ஒப்பந்தங்கள் நகரத்துக்கு வெளியே இருட்டில் ஓட்டுவதையும் மண்பாதையையும் தடுக்கின்றன. கங்காருவும் ஈமுவும் அந்தியில் சாலைக்கு வரும் என்பதால் முதல் தடை நியாயம்தான். நேரம் குறைவாக இருப்பவர்கள் எக்ஸ்மவுத்துக்கு அருகே உள்ள லியர்மந்து விமான நிலையத்துக்கு விமானத்தில் வந்து, சாதாரணக் கார் எடுத்து, ஊரில் கேபினில் தங்குவது இதைவிட நிம்மதி.

ஊர்ப் பார்க்கில் மின்சாரம் எடுப்பவர்களுக்கு ஒன்று. அங்கே பிளக் சொருகும் துளைகள் 15 ஆம்ப். வீட்டு 10 ஆம்ப் பிளக் அதில் போகும், கூடாரக்காரருக்குப் பிரச்சினை இல்லை. கேரவனின் 15 ஆம்ப் பிளக்கில் எர்த் பின் அகலம் என்பதால் வீட்டுத் துளையில் போகாது. அதை அரத்தால் ராவி நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பி சூடாகித் தீப்பிடிக்கும் வழி அது.

தேதி விஷயத்தில் பேரம் இல்லை. கேப் ரேஞ்ச் முகாம்களுக்கு 180 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும். ஜூலை 5 இரவு வேண்டுமென்றால் ஜனவரி 6 அன்றே உட்கார வேண்டும். பகலில் 24, 25 டிகிரி என்று இதமாக இருக்கும் பள்ளி விடுமுறைக் காலம் அது, இடங்கள் நிற்காது. பதிவு செய்யும்போது வண்டியின் நீளத்தைக் கொக்கி முனையோடு சேர்த்து அளந்து பாருங்கள். சிறிய இடத்தை எடுத்துவிட்டு 7 மீட்டர் கேரவனோடு போனால் வேறு இடம் தர மாட்டார்கள். பூங்காவில் மூன்றே இரவு கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஓர் இரவு ஊரில் தங்கித் தொட்டியை நிரப்பி, துணி துவைத்து, பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு போகலாம்.

திரும்பும் நாளில் தொட்டியில் தண்ணீர் மிஞ்சினால், குடிக்க 20 லிட்டர் கேனை மட்டும் தனியாக நிறுத்திவிட்டு, மீதியால் கொக்கியிலும் பிரேக் கம்பியிலும் படிந்த உப்பைக் கழுவிவிடுங்கள். பாதி நிரம்பிய தொட்டி வளைவுகளில் அலம்பும், டீசலையும் தின்னும்.