கெய்ரோ லைப்ரரி: தமிழ்ல பிரிண்ட் எடுக்குறவங்களுக்கு என் ரிவ்யூ

பெங்களூர் அல்சூர் பக்கம் நாங்க சில பேர் சேர்ந்து பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை தமிழ் சொல்லித் தர்றோம், வருஷக் கடைசில குடுக்குற சர்டிபிகேட் என் பொறுப்பு, அதை முழுக்க கெய்ரோலதான் பண்றேன். நாம எழுதுற ப்ரோக்ராம்ல இருந்து கோடு, வளைவு, எழுத்தெல்லாம் வரையுறதுக்கான லைப்ரரி இது. ஃப்ரீ சாஃப்ட்வேர், சி-ல எழுதினது, கீத் பேக்கார்டும் கார்ல் வொர்த்தும் ஆரம்பிச்சது, 2005ல ஜிடிகே (ஆப்கள்ல விண்டோ, பட்டன் எல்லாம் போடுற டூல்கிட்) 2.8 வந்தப்பவே இதை வச்சுதான் வரைய ஆரம்பிச்சுச்சு. நான் பைத்தான்ல, அதுல இருந்து கெய்ரோவைக் கூப்பிடுற பைகெய்ரோ வழியா எழுதுறேன்.

ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா ப்ரோக்ராம் ஒண்ணுதான், சர்ஃபேஸை, அதாவது எதுல வரையுறோம்ங்கிறதை மட்டும் மாத்துனா போதும், வாட்ஸ்அப்ல அனுப்ப பிஎன்ஜி, பிரிண்டுக்கு பிடிஎஃப், வேணும்னா எஸ்விஜியும் வந்துடும். சர்டிபிகேட் ஓரத்துல சிக்குக்கோலம் வேணும்னாங்க, ஒரு மூலைக்கு மட்டும் வளைவுகளை வரைஞ்சு ரொட்டேட் பண்ணி நாலு மூலைலயும் போட்டுட்டேன், பிடிஎஃப்ல எவ்ளோ ஜூம் பண்ணாலும் கோடு வழவழன்னு அப்படியே நிக்குது!

ஆனா தமிழ் எழுதுறவங்க இதை கண்டிப்பா கவனிங்க. கெய்ரோல எழுத்து போட இருக்குற ஷோ டெக்ஸ்ட்ங்கிற கமாண்ட் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசைல அப்படியே வைக்கும், "செல்வி"னு குடுத்தா கொம்பு ச-வுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும். ஒரு குழந்தையோட பேரை அப்படி அச்சடிச்சுக் குடுக்க முடியுமா? அதனால எழுத்துக்குன்னே இருக்குற பாங்கோங்கிற லைப்ரரியை சேர்த்தே யூஸ் பண்ணுங்க, அதுக்குள்ள ஹார்ஃப்பஸ்ங்கிற லைப்ரரி எழுத்தை ஒழுங்கா அடுக்கிக் குடுத்துடும், கொ, கௌ எல்லாம் சுத்தமா வரும். உபுண்டுல இன்ஸ்டால் பண்றது ஈஸி, விண்டோஸ்ல கொஞ்சம் படுத்தும்.

பிஎன்ஜில ஒரு பிக்சல் கோடு மங்கலா ரெண்டு பிக்சல் அகலத்துக்குத் தெரிஞ்சா பயப்படாதீங்க, கோடு போற இடத்தை 10க்கு பதிலா 10.5னு குடுத்து வரைஞ்சா ஷார்ப்பாயிடும்.

பெரிய குறை கலர்தான், ஸ்க்ரீனுக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மட்டும்தான் உண்டு. ஆஃப்செட் பிரஸ்ல சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மை நாலு கலர்ல கேட்டா கோஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல பிடிஎஃப்பை மாத்திக் குடுக்கணும், மாத்துனதும் பளிச்சுனு இருக்குற சிவப்பு கொஞ்சம் டல்லாகும், மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள் பாத்துக்கோங்க. புது வெர்ஷனும் அடிக்கடி வராது, 1.16 வந்தது 2018ல, 1.18 வந்தது 2023ல. எனக்கு அதுல வருத்தமே இல்ல, பழைய ப்ரோக்ராம்ல பேர் லிஸ்டை மட்டும் மாத்தி ஓட்டுறேன், ஓடுது.