அஞ்சு ரோடு பக்கம் டெட் கோச்சிங் – சைக்காலஜி கிளாஸ் எப்படி?

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கோச்சிங்ல ஞாயித்துக்கிழமை பேட்ச் போய்ட்டு இருக்கேன். பேர் வேண்டாம், குறையும் சொல்லப் போறேன். மத்த பாடத்தை விடுங்க, 150ல 30 கேள்வி சைக்காலஜிதான், அதுக்குத்தான் இந்த ரிவ்யூ.

குழந்தைங்க யோசிக்கிற விதம் வயசுக்கு வயசு எப்படி மாறுதுன்னு சொன்ன பியாஜேவ சார் நடத்துனதுக்கே காசு குடுக்கலாம். அம்மாகூட வந்திருந்த அஞ்சு வயசு வாண்டு ஒண்ண கூப்பிட்டு, ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல மோர் ஊத்தி சமமான்னு கேட்டாரு, ஆமான்னுச்சு, அது கண்ணு முன்னாடியே ஒரு டம்ளர் மோரை ஒல்லியான பாட்டில்ல ஊத்திட்டு இப்ப எதுல ஜாஸ்தின்னா பாட்டில்லதான்னு டக்குனு சொல்லிருச்சு. அடுத்து ரெண்டு தட்டுவடை, ஒண்ண நாலா உடைச்சாரு, உடைச்சதுதான் நிறையாம், அதையே அள்ளிட்டு ஓடிருச்சு. ஒம்பது வயசு அண்ணன்காரன் மட்டும் "அதே மோர்தானே சார், எப்படி கூடும்"னு சலிச்சுக்கிட்டான். பியாஜே பிரிச்ச பருவங்கள 2லிருந்து 7, 7லிருந்து 11னு பி.எட்ல வயசை மட்டும் மனப்பாடம் பண்ணவங்களுக்கு இது செம. நல்லது கெட்டது பத்தின புரிதல் எப்படி வளருதுன்னு சொன்ன கோல்பர்க்கை எடுக்கும்போதும், ஆம்பள பசங்கள மட்டும் வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு எல்லாருக்கும் பொதுன்னா எப்படின்னு கரோல் கில்லிகன்ங்கற சைக்காலஜிஸ்ட் கேட்டதையும் சேத்து சொன்னாரு, நோட்ஸ்ல இல்லாத விஷயம்.

கடுப்பானது, மனுஷ வாழ்க்கைய பருவம் பருவமா பிரிச்ச எரிக்சன்லதான். பொறந்த குழந்தையோட நம்பிக்கை – அவநம்பிக்கைல ஆரம்பிச்சு கிழவயசு வரைக்கும் 8 பருவம், சார் அஞ்சாவது, அதாவது டீன் ஏஜ் பசங்க "நான் யாரு"ன்னு குழம்புற கட்டம் வரைக்கும் நடத்திட்டு, மிச்சம் எக்ஸாமுக்கு வராது விடுங்கன்னுட்டாரு. வராதுன்னே வச்சுக்குவோம், ஆனா எதிர்ல உக்காந்திருக்கறது யாருன்னு பாக்கணும்ல? 2025 செப்டம்பர் 1 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கப்புறம், ரிட்டயர்மென்ட்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கற டீச்சர்ஸும் டெட் பாஸ் பண்ணியாகணும்னு ஆயிடுச்சு, அதனால பாதி கிளாஸ் நாப்பத தாண்டினவங்க. அடுத்த தலைமுறைக்கு எதையாவது குடுக்கறதா, இல்ல அப்படியே தேங்கிப் போறதான்னு எரிக்சன் ஏழாவது பருவத்துல கேக்கறது அவங்களைப் பத்திதான். பழைய பருவத்துல தீந்த குழப்பம் பின்னாடி திரும்ப வரலாம்னும் அவர் சொல்றாரு, இத்தன வருஷம் பாடம் எடுத்தவங்கள நீ டீச்சரான்னு நிரூபின்னா வராம என்ன பண்ணும்? ஏற்காட்லருந்து வர்ற ஒரு அக்கா, ஒண்ணாங்கிளாஸ் பசங்க எங்க தடுமாறும்னு பக்கத்து பொண்ணுக்கு சொல்லித்தர்றாங்க, அந்தப் பொண்ணு இவங்களுக்கு ஆன்லைன் அப்ளிகேஷன் போட சொல்லித்தருது. ஏழாவது பருவத்துக்கு உதாரணம் அந்த பெஞ்சுலயே இருக்கு, சாருக்கு ஒரு அரைமணி நேரம் கிடைக்கல.

நோட்ஸ் மொக்கை. எரிக்சன் சிக்மண்ட் பிராய்டோட நேரடி மாணவர்னு போட்டிருக்கு, அவர் வியன்னாவுல பயிற்சி எடுத்தது பிராய்டோட பொண்ணு அன்னாகிட்ட. ஆபீஸ்ல சொன்னேன், அடுத்த பிரிண்ட்ல பாக்கலாம்னாங்க. ஸ்கூல் புக்கையும் கூட வச்சுக்கோங்க.

பேப்பர் 1 (1லிருந்து 5ம் கிளாஸ் டீச்சருக்கு) எழுதறவங்க கண்ணை மூடிட்டு சேரலாம். பேப்பர் 2 (6லிருந்து 8ம் கிளாஸ்) காரங்க ஒரு டெமோ கிளாஸ் உக்காந்து பாத்துட்டு ஃபீஸ் கட்டுங்க. சாயங்காலம் டவுட் செஷன்னு போட்டிருப்பாங்க, அது ஒருநாளும் டைமுக்கு ஆரம்பிக்காது, ஏற்காடு, வாழப்பாடி பக்கம் பஸ் புடிக்கறவங்க அத நம்பி நிக்காதீங்க.