காசல்ரீயில் இறங்கும் செஸ்னாவா, எயார்பஸ்ஸின் வலது இருக்கையா?

ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேல், நீரிலும் இறங்கக்கூடிய சிறு விமானமான செஸ்னா கரவன் தாழ்ந்து வரும்போது, மேட்டில் கொழுந்து எடுக்கிறவர்கள் ஒரு கணம் கையை நிறுத்துவார்கள். மிதவைகள் தண்ணீரைத் தொட்டதும் பின்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள் நீண்டு, சற்று நேரத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். அக்காவின் மகன் அதைப் பார்த்தே வளர்ந்தவன். உயர்தரம் கணிதப் பிரிவில் தேறிவிட்டு, "மாமா, பைலட் ஆவதற்கு எந்த வழி நல்லது?" என்று கேட்கிறான். அதே கேள்வியைக் கூடலூரிலிருந்து பெரியப்பாவின் பேத்தியும் தொலைபேசியில் கேட்டாள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில் போனது. நாங்கள் ஹட்டனிலேயே இருந்துவிட்டோம். ஒரே தாத்தாவின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்தான் இருவரும். ஆனால் கடவுச்சீட்டு வேறு, ஆகவே வழியும் வேறு.

கொழும்புக்கு அருகே இரத்மலானை விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எண்களிலிருந்து தொடங்குவோம். வணிக விமானி உரிமத்துக்குச் சர்வதேசக் குறைந்தபட்சம் 18 வயதும் 200 மணித்தியாலப் பறப்பும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சி நெறியில் படித்தால் 150 மணித்தியாலம் போதும். பெரிய விமானத்தில் கேப்டனாக அமரத் தேவையான உயர் உரிமத்துக்கு 1,500 மணித்தியாலம் வேண்டும். இடையில் இருப்பது 1,300 மணித்தியாலம். அதை யார் செலவில், எந்த விமானத்தில் பறக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு வழியும் வேறுபடுகிறது. சீருடையையும் முதல் மாதச் சம்பளத்தையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வழி, படிப்படியாக ஏறுவது. காசு இருக்கும்போது பறந்து, தீர்ந்தால் நிறுத்தி, உரிமம் வாங்கியதும் பயிற்றுநராகி, மற்றவர் கட்டும் பணத்தில் தன் மணித்தியாலங்களைச் சேர்ப்பது. பிறகு, சினமன் எயார் போன்ற உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் கரவன் ஓட்டுவது. ஓர் இளம் பயிற்றுநர் மாலையில் இறக்கை நிழலில் அமர்ந்து, பறப்புப் பதிவேட்டின் அடிவரியைப் பென்சிலால் கூட்டிப் பார்ப்பதைப் பல நாள் கண்டிருக்கிறேன். அன்றைய 2.4 மணித்தியாலத்தைச் சேர்த்ததும் முகம் மலரும். அந்தப் பிள்ளையின் கையில் இருந்த சம்பளம் சொற்பம். ஆனால் அடிவரி ஏறிக்கொண்டே இருந்தது.

கரவன் ஓட்டுவது சிறிய வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். மலையகத்தில் பிற்பகல் ஆனால் முகில் பள்ளத்தாக்கை மூடிவிடும்; தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் காலையிலேயே மூடும். நீரில் இறங்குகிறவர் காற்றின் திசையை அலையின் சுருக்கத்தில் படிக்க வேண்டும். தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தால் உயரத்தைக் கண்ணால் கணிப்பதே கடினம். இப்படிப் பழகிய கைக்குத் தனி உறுதி உண்டு. குறையும் உண்டு: கரவனுக்கு ஒற்றை எஞ்சின். பெரிய நிறுவனங்கள் பல எஞ்சின் அனுபவத்தையும், இருவர் சேர்ந்து இயக்கும் அனுபவத்தையும் தனியாகக் கேட்கும். நாடும் சிறியது, இருக்கைகளும் சில.

இரண்டாவது வழி, புதியவர்களை எடுத்துப் பயிற்றும் பெரிய நிறுவனத்தின் கெடெற் திட்டம். இருநூற்றுச் சொச்ச மணித்தியாலத்தில் நேரே எயார்பஸ் ஏ-320இன் வலது இருக்கை, அதாவது துணை விமானியின் இடம். இருவர் சேர்ந்து இயக்கும் விமானங்களுக்கென்றே 2006இல் அறிமுகமான பல்குழு விமானி உரிமத்தில் குறைந்தபட்சம் 240 மணித்தியாலம். அதில் பெரும்பகுதி சிமியுலேட்டரிலேயே கழியும். முன் சொன்ன 1,300 மணித்தியாலத்தையும் நிறுவனத்தின் ஜெட்டிலேயே சம்பளத்தோடு பறக்கலாம். இதைவிடக் குறுகிய பாதை கிடையாது. 2022 நெருக்கடிக்குப் பின் இங்கிருந்து பல விமானிகள் வெளிநாடு போனதால் இளையவர்களுக்கு இருக்கைகளும் திறந்தன.

ஆனால் பணம் மொத்தமாக முன்கூட்டியே வேண்டும், அல்லது பல வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வங்கிக் கடனுக்குக் காணி உறுதிப் பத்திரம் கேட்பார்கள். தோட்டத்து லயன் அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்திடம் உறுதி எங்கே இருக்கிறது? வெளிநாட்டில் பயிற்சி என்றால் கட்டணம் டொலரில்: 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. அதோடு, பல்குழு உரிமப் பயிற்சி பெரும்பாலும் ஒரு நிறுவனத்தோடு பிணைந்தது. 2020இல் உலகமே விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது, அந்த உரிமத்தோடு வெளியே வந்தவர்களால் ஒரு சிறு விமானத்தில் பயிற்றுநராகக்கூட உடனே அமர முடியவில்லை.

கூடலூர்ப் பிள்ளைக்கு மூன்றாவது ஒரு கதவு இருக்கிறது: ஏ.டி.ஆர். என்ற சுழல்விசிறி விமானங்கள் ஓடும் பிராந்திய சேவை. இந்தியாவில் சிறு நகரங்களுக்கு விமான சேவை தர 2016இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது. அதே ஆண்டு இறுதியில் இண்டிகோவும் ஏ.டி.ஆர். 72 ஓட்டத் தொடங்கியது. இரட்டை எஞ்சின், இருவர் இயக்கம், குறுகிய தூரங்கள், ஒரு நாளில் பல ஏற்றமும் இறக்கமும். மேலே இருப்பவர்கள் ஜெட்டுக்கு நகர்வதால் கேப்டன் இருக்கையும் பொதுவாக விரைவில் கிடைக்கும். இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலக சராசரியைவிட இது மிக அதிகம். "தயங்காதே, போ" என்றுதான் அவளுக்குச் சொன்னேன். ஒன்றை மட்டும் எச்சரித்தேன். 2017 விதிப்படி அங்கே துணை விமானி வேலையை விட ஆறு மாதமும், கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். நினைத்தவுடன் மாற முடியாது. எங்கள் பையனுக்கு இந்தக் கதவு இல்லை. அங்கே வெளிநாட்டவருக்கு இடம் கிடைத்தால், அது பெரும்பாலும் அனுபவமுள்ள கேப்டன்களுக்குத்தான்.

"அமெரிக்காவில் மணிக்கு 90 டொலராமே மாமா" என்றான். உண்மைதான். 2022இல் என்வோய், பீட்மொன்ட் ஆகிய பிராந்திய நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானியின் ஊதியத்தை அந்த அளவுக்கு உயர்த்தின. அதன் பின்கதை 2009 பெப்ரவரி 12இல் தொடங்குகிறது. பஃபலோ அருகே கொல்கன் எயார் 3407 என்ற பிராந்திய விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவரோடு 50 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணித்தியாலம் கட்டாயமானது. விமானத் துறைப் பட்டதாரிகளுக்கு 1,000, இராணுவ விமானிகளுக்கு 750 என்று சலுகை உண்டு. விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளுக்கும் 1,500க்கு மேல் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. விசாரணை சுட்டியது பயிற்சி, களைப்பு சம்பந்தப்பட்ட குறைகளை. விதி பிடித்துக்கொண்டது எண்ணிக்கையை. அதனால் அங்கே பெரும்பாலோர் பயிற்றுநராகித்தான் மணித்தியாலம் சேர்க்கிறார்கள். நமது முதல் வழியேதான் அது.

அங்கேயும் இரு வகை உண்டு. என்வோய், பீட்மொன்ட், பி.எஸ்.ஏ. மூன்றும் அமெரிக்கன் எயார்லைன்ஸின் சொந்த நிறுவனங்கள். வரிசையில் முறை வந்தால் தாய் நிறுவனத்துக்குப் போகலாம். ஸ்கைவெஸ்ட் பல பெரிய நிறுவனங்களுக்காகப் பறக்கும் தனி நிறுவனம். அங்கிருந்து போகிறவர் பெரும்பாலும் தானே விண்ணப்பித்துப் போக வேண்டும். நான் முதல் வகையை அவ்வளவாக நம்பமாட்டேன். தாய் நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் வரிசை முழுவதும் நின்றுவிடும். நிறுவனம் மாறினால் மூப்பு வரிசையில் கடைசி எண்ணிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பணிநேரம், விடுமுறை, கேப்டன் இருக்கை எல்லாமே அந்த எண்ணைப் பார்த்துத்தான். எப்படியானாலும் அங்கே வேலை செய்யும் உரிமை இல்லாத ஒருவருக்கு அந்த 90 டொலரால் பயனில்லை.

ஆகவே அக்காவின் மகனுக்கு நான் சொல்வது முதல் வழி. கெடெற் திட்டத்தில் முழுச் செலவையும் நிறுவனமே ஏற்றால் மட்டும் அதற்கு விண்ணப்பிக்கலாம். முதல் வழியில் இடைவெளி நீண்டால் கை மறந்துவிடும், மறுபடி பழக மறுபடி பணம் போகும் என்பது உண்மை. அதனால் ஆறு மாதத்துக்கான காசு சேர்ந்த பிறகே தொடங்கச் சொன்னேன். அதற்கு முன் செய்ய வேண்டியது முதலாம் தர மருத்துவப் பரிசோதனை. நிறப்பார்வையில் குறை இருந்தால் ஒரு சதம் கட்டும் முன் தெரிந்துவிடும். அடுத்த வாரம் இரவு பஸ்ஸில் அவனைக் கொழும்புக்கு நானே அழைத்துப் போகிறேன். அக்கா டிக்கெட் காசை இப்போதே கையில் தந்துவிட்டார்.