நிப்பிசிங் ஏரியில் பனிக்கட்டி மேல் இரவு: கூடாரம், ஹீற்றர், படுக்கை – சில குளிர்காலங்களின் கணக்கு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து, உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போடும் பனிக்கட்டி மீன்பிடிக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் சிம்கோ ஏரியோடு நின்றுவிடுகிறார்கள். விடியப் புறப்பட்டால் பொழுதுபட வீடு, சூடான சாப்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் என் மச்சானும் அதைத் தாண்டி, வடக்கே நோர்த் பே நகரை ஒட்டிய நிப்பிசிங் ஏரிக்குப் போய்ப் பனிக்கட்டியின் மேலேயே இரவு தங்கத் தொடங்கிச் சில குளிர்காலங்கள் கழிந்துவிட்டன. பெட்டியைப் பிரித்த கையோடு எழுதப்படும் மதிப்புரைகள் எங்கும் கிடைக்கின்றன. மூன்றாவது பருவத்தில் எந்தத் தையல் விட்டது, எந்த இயந்திரம் மைனஸ் 25 பாகையில் நள்ளிரவு தாண்டி எரிய மறுத்தது என்பதை எழுதுவோரைக் காணோம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஏரி. நிப்பிசிங் ஏறக்குறைய 870 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. ஆனால் சராசரி ஆழம் நாலரை மீற்றர்தான். ஆழம் குறைந்த நீர் சீக்கிரம் குளிர்ந்து உறைகிறது. சிம்கோவின் கெம்பன்ஃபெல்ட் விரிகுடா ஆழமான இடத்தில் 40 மீற்றர். அது உறைய நாளாகும். உறைந்த பின்னும் பலத்த காற்றில் பனித்தட்டு பிளந்து ஆட்களோடு நகர்ந்துபோன கதைகள் சிம்கோவில் உண்டு. அதற்காக நிப்பிசிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றில்லை. அழுத்தத்தால் வெடித்து மேடுதட்டும் பிளவுகள் இங்கும் வரும். ஆறுகள் வந்து விழும் இடங்களிலும், பிரெஞ்சு ஆறு புறப்படும் தென்மேற்குப் பக்கத்திலும் பனிக்கட்டியை நம்ப முடியாது. தெளிந்த பனிக்கட்டி 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஆள் நடக்கலாம், காருக்கு 20 முதல் 30 வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பனித்தூள் கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்கு அதில் பாதிப் பலம்தான். அலவாங்கால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பதும், விழுந்தால் பற்றி ஏறுவதற்கான கூர்முனைக் கைப்பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதும் பெப்ரவரி நடுவிலும் நாங்கள் விடாத பழக்கம்.

கூடாரம், நான்கு சுவர்களையும் கூரையையும் வெளியே இழுத்து நிமிர்த்தும் வகை. துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்தது. ஒற்றைத் துணிக் கூடாரம் பகலுக்குப் போதும். இரவு தங்குவதாக இருந்தால் அதை வாங்கவே வேண்டாம். காரணம் சூடு அல்ல, ஈரம். ஒற்றைத் துணியின் உட்புறத்தில் மூச்சுக்காற்று உறைந்து வெள்ளையாகப் படியும். ஹீற்றரைக் கூட்டியதும் அது உருகி முகத்தில் சொட்டும். பஞ்சு வைத்த சுவரில் இந்தத் தொல்லை முற்றாகப் போகாது, ஆனால் தூங்கக்கூடிய அளவுக்குக் குறையும். மூன்றாம் பருவத்தில் கதவு ஜிப் பல் இளித்தது. ஃபைபர் கிளாஸ் கம்பிகளில் ஒன்று கடுங்குளிரில் நிமிர்த்தும்போது முறிந்தது. விற்ற கடைக்கு எழுதினால், கம்பியைத் தனியாக விற்பதில்லை என்று பதில் வந்தது. ஆகவே வாங்கும் முன் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள்; கூடாரம் எத்தனை பேருக்கானது என்ற எண்ணைவிட அது முக்கியம். அந்த எண்ணை இரண்டால் வகுத்தால்தான் படுக்கையோடு எத்தனை பேர் என்பது தெரியும். இன்னொன்று: நிப்பிசிங் உட்பட ஒன்ராறியோவின் பல பகுதிகளில் பனிக்கட்டி மேல் வைக்கும் குடிலுக்குப் பதிவெண் வேண்டும், 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக் கூடாரத்துக்கு வேண்டியதில்லை. பெரிய கூடாரத்தின்மேல் ஆசைப்படுகிறவர்கள் இந்த அளவை நினைவில் வைத்திருக்கட்டும்.

இனி ஹீற்றர். பணமும் நித்திரையும் அதிகம் போனது இதில்தான்.

தொடக்கத்தில் எல்லோரையும்போல் புரொப்பேன் ஹீற்றர் பாவித்தோம். சிறியது, மணித்தியாலத்துக்கு 4,000 முதல் 9,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு வரை கூட்டிக் குறைக்கலாம், தீக்குச்சி இல்லாமல் பற்றும், கவிழ்ந்தால் தானே அணையும். பகலில் அதற்கு நிகரில்லை. உச்சத்தில் வைத்தால் ஒரு இறாத்தல் சிலிண்டர் இரண்டரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் பெரிய சிலிண்டரைக் குழாயோடு இணைத்துக்கொண்டோம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று அதிகமான நீர் ஆவியாக வெளிவரும். அது புகைபோக்கி இல்லாத ஹீற்றர். அத்தனை நீரும் கூடாரத்துக்குள்ளேயே நிற்கிறது. குறைந்த அளவில் பன்னிரண்டு மணித்தியாலம் எரித்தாலும் ஏறக்குறைய ஒரு கிலோ எரிவாயு போகும். விடியும்போது கையுறை ஈரம், சப்பாத்து ஈரம், ஸ்லீப்பிங் பேக்கின் மேற்பக்கம் ஈரம். இறகு அடைத்த பை நனைந்தால் அமுங்கிவிடும், பிறகு சூடு தராது. வெளியே குளிர் கூடக்கூட ஹீற்றரைக் கூட்டுவோம். கூட்டக்கூட ஈரமும் ஏறும்.

அதைவிடப் பெரிய விஷயம் கார்பன் மொனொக்சைட். இந்த ஹீற்றர்களில் இருக்கும் உணரி பிராணவாயு குறைவதைக் கண்டு அணைக்கும். கார்பன் மொனொக்சைட்டை அது அறியாது. இரண்டும் ஒன்றென்று நினைத்துத் தூங்குகிறவர்களை ஏரியில் பார்த்திருக்கிறேன். கூரைக் காற்றுவழியும் தரையோரம் ஒரு திறப்பும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். தூங்கப் போகும்போது இந்த வகை ஹீற்றரை அணைத்துவிட வேண்டும். எச்சரிக்கைக் கருவியும் ஏதோ ஒன்றாக இருக்கக் கூடாது. வீட்டுச் சுவருக்கென்று விற்பவை பல, உறைநிலைக்குக் கீழே இயங்கும் என்று உத்தரவாதம் தருவதில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வெப்பநிலை வரம்பு இருக்கும். அதைப் படித்து வாங்குங்கள்.

ஆகவே டீசல் ஹீற்றருக்கு மாறினோம். லொறிச் சாரதிகள் தூங்கும் அறைக்கென வந்த வகை. இப்போது ஒரு பெட்டிக்குள் தாங்கியோடு சேர்த்து விற்கிறார்கள். பெட்டி கூடாரத்துக்கு வெளியே நிற்கும், புகை வெளியே போகும், சூடான காற்று மட்டும் தடித்த குழாய் வழியே உள்ளே வரும். எரியும்போது உண்டாகும் நீராவியும் புகையோடு போய்விடுகிறது. முதல் இரவிலேயே வித்தியாசம் தெரிந்தது: கயிற்றில் தொங்கவிட்ட காலுறை காய்ந்திருந்தது. இத்தனை நாள் இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று மச்சான் என்னிடம் கோபித்துக்கொண்டான்.

சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். எரிபொருளைத் தள்ளும் பம்ப் இரவு முழுக்கப் பல்லி சொல்வதுபோல் டிக், டிக் என்றுகொண்டே இருக்கும். பழகச் சில இரவுகள் எடுக்கும். பற்றும் நேரத்தில் 12 வோல்ட் பற்றரியிலிருந்து நிறைய மின்சாரம் இழுக்கும், பற்றரி குளிர்ந்திருந்தால் அங்கேயே படுத்துவிடும். அதனால் பற்றரியைக் கூடாரத்துக்குள், நுரைப் பெட்டியில் வைக்கிறோம். கோடையில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகுபோட்டுக் குழாயை அடைத்துவிடும். போகிற வழியில் நோர்த் பேயில் குளிர்கால டீசல் வாங்கிக்கொள்வது நல்லது. புகைக்குழாயின் வாய் கூடாரத்தை விட்டு விலகி, காற்று வீசிப்போகும் பக்கம் பார்க்க வேண்டும், ஆனால் காற்று இரவில் திசை மாறுமே, ஆகவே எச்சரிக்கைக் கருவிக்கு இங்கும் ஓய்வில்லை. பெட்டியைப் பலகை மேல் வையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் பனிக்கட்டி உருகிப் பெட்டி அதற்குள் இறங்கி, விடியும்போது உறைந்து பிடித்திருக்கும். நாங்கள் வாங்கிய முதல் பெட்டியின் கட்டுப்பாட்டுத் திரை இரண்டாம் பருவத்தில் செத்தது, விற்றவர் கைவிரித்துவிட்டார். மாற்றுத் திரை மலிவு, இப்போது ஒன்றை உபரியாகக் கொண்டுபோகிறோம். இத்தனைக்குப் பிறகும் புரொப்பேனுக்குத் திரும்பும் எண்ணமில்லை. அது இப்போது மாற்றுத் துணையாக மட்டும் வருகிறது.

படுக்கையைப் பற்றிச் சுருக்கமாக. சூடு கூரையில் நிற்கும், தரை உறைநிலையிலேயே கிடக்கும்; கூடாரத்தில் நின்றால் வியர்க்கும், குனிந்தால் விறைக்கும். ஆகவே மடக்குக் கட்டில் அவசியம். வெறும் கட்டிலில் முதுகுக்குக் கீழே குளிர்காற்று ஓடும் என்பதால் அதன்மேல் நுரைப்பாய், அதன்மேல் காற்றடைத்த பாய். பாய்களில் எழுதியிருக்கும் ஆர் மதிப்பு (குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு) இரண்டு பாய்க்கும் சேர்ந்து கூடும். மொத்தம் 6க்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். ஸ்லீப்பிங் பேக்கில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். ‘சௌகரியம்’ என்று குறிப்பிட்ட வெப்பநிலையையே பாருங்கள். தரைக்குச் சிறுவர் விளையாடும் அறையில் போடும் நுரை ஓடுகள். துளை போடும்போது மேலே பொங்கும் நீர் படுக்கைப் பக்கம் ஓடாதபடி முதலிலேயே இடம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

துளையிடும் ஆகர் மின்சாரத்தில் இயங்குவது. குறை ஒன்றுமில்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பற்றரியைச் சார்ஜ் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

மீனுக்கு வருவோம். இரவு தங்குவதன் பயன் அந்தியும் விடியலும் கையில் கிடைப்பது. வால்ஐ (walleye) மீன் மங்கல் வெளிச்சத்தில் வேட்டையாடுவது. பகலில் மணிக்கணக்காகக் காத்திருந்து கிடைக்காதது பொழுதுபடும் அரை மணித்தியாலத்தில் கிடைக்கும். நிப்பிசிங்கில் ஒருவருக்கு இரண்டுதான், அதிலும் நீளக் கட்டுப்பாடு உண்டு, அதற்கு உட்படாத மீனைத் திரும்ப விட வேண்டும். அளவுகோல் இல்லாமல் போகாதீர்கள். இருட்டிய பிறகு லிங் எனப்படும் பர்பட் வரும். நன்னீரில் வாழும் கொட் இனம், குளிர்காலக் கடைசியில் பனிக்கட்டிக்குக் கீழேயே முட்டையிடுவது. அதன் முகத்தைப் பார்த்துப் பலர் வீசிவிடுகிறார்கள். தோலை உரித்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டிப் பொரித்துப் பாருங்கள், பிறகு வீச மாட்டீர்கள். தூண்டிலைப் போட்டுவிட்டு நித்திரை கொள்ளலாம் என்ற கனவு மட்டும் வேண்டாம். பனிக்கட்டி மீன்பிடியில் பெரும்பாலான ஏரிகளில் ஆளுக்கு இரண்டு தூண்டில் அனுமதி, ஆனால் அவை 60 மீற்றருக்குள், எந்நேரமும் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். படுக்கும்போது எங்கள் தூண்டில்கள் மேலே வந்துவிடும்.

பொரிப்பதைக் கூடாரத்துக்கு வெளியே செய்யுங்கள். உள்ளே பொரித்தால் பருவம் முழுக்க ஸ்லீப்பிங் பேக் மணக்கும். பூங்காவுக்குக் கொண்டுபோகும் தட்டை அடுப்பு இங்கே உதவாது. அதன் பியூட்டேன் உறைநிலைக்குக் கீழே ஆவியாகாது. புரொப்பேன் அடுப்புதான் சரி. இறைச்சிக் கறியை வீட்டிலேயே தட்டையாக உறையவைத்துப் பையோடு கொதிநீரில் போடுகிறோம். பாண் கல்லாகிவிடும், முட்டை வெடித்துவிடும். இரண்டையும் கொண்டுபோவதை விட்டுவிட்டோம்.

முதல் தடவை போகிறவர்கள் இவற்றில் ஒன்றையும் வாங்க வேண்டாம். நிப்பிசிங் கரையோரம் இரவுக் குடில்களை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிலும் புகைபோக்கி வைத்த அடுப்பும் உள்ளே இருக்கும், ஏரிக்குள் அவர்களே கொண்டுபோய் விடுவார்கள். குளிர் இறுகும் இரவில் பனிக்கட்டி விரிந்து சுருங்கி இடிபோல் முழங்கும். அந்தச் சத்தத்தில் உங்களால் தூங்க முடிகிறதா என்று அங்கே தெரிந்துகொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வீட்டில் இடத்தையும் பாருங்கள். பஞ்சு வைத்த கூடாரம் பனிக்கட்டி ஒட்டிய விளிம்போடு இரண்டு மடங்கு பாரத்தில் திரும்பி வரும். அதை அன்றைக்கே விரித்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கராஜ் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். இரண்டு நாளைக்கு வரவேற்பறையில் ஆள் நடமாட இடமிருக்காது, தொலைக்காட்சியும் தெரியாது. இதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.