கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட்: எங்கள் அஞ்சடிக் கூரை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடிக்கு (வீட்டு முன்பக்க நடைக்கு) மேல் முன்பு கண்ணாடிதான் போட்டிருந்தோம். ஒரு ராத்திரி மாமரக் கிளை முறிந்து விழுந்ததில் அது நொறுங்கியது. அம்மா காலையில் கோலம் போட உட்காரும் இடம் முழுக்கச் சில்லு. ஒரு வாரம் கழித்தும் வாளிக்கு அடியில் ஒன்று கிடைத்தது. அதன் பிறகுதான் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் 3 மில்லிமீட்டர் தகடு வாங்கினேன். இரண்டு வருசம் ஆகிறது.

இப்போது மாங்காய் டம்மென்று விழுந்தாலும் தகடு லேசாக அதிர்வதோடு சரி. எடையும் அதே தடிமனுள்ள கண்ணாடியில் ஏறக்குறைய பாதிதான். நானும் மச்சானுமே ஏற்றிவிட்டோம்.

பொருத்துவதில்தான் கவனம் வேண்டும். வெயிலில் இது கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும். திருகாணி போட வந்தவர் அதன் அளவுக்கே துளை போட்டு இறுக்கிவிட்டார். மத்தியானமானால் படக் படக்கென்று சத்தம், ஒரு துளையோரம் மயிரிழை விரிசல். அந்தத் தகட்டை மாற்றி, துளைகளைப் பெரிதாக்கி, ரப்பர் வளையம் வைத்த பிறகுதான் அடங்கியது. இன்னொன்று, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கணும். மேலே ஒட்டிய தாளில் எழுதியிருக்கும், படிக்காமல் கிழித்துவிடாதீர்கள். மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளாகும்.

கீறல் சுலபமாக விழும். தேங்காய் நார், பெயிண்ட் கரைக்கும் தின்னர் இரண்டையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். மழை பெய்தால் சத்தம் கூடுதல். அந்த நேரத்தில் வானொலி கேட்கவில்லை என்று அம்மாவுக்குக் குறை.