பழைய பிக்கப்புக்குப் புதுத் தளம்: தகடா, அலுமினியமா, பலகையா?

பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரம் பக்கம் தேங்காய் யாவாரம் பண்ணுகிறவர் வீட்டு வாசலில் பழைய பிக்கப் ஒன்று நிற்கும். எஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடும். பின்னாடி பாடியில்தான் துரு. ஈர மட்டை ஏற்றி ஏற்றி என் வண்டியும் அப்படி ஆனது. பாடியைக் கழற்றிவிட்டு எட்டடிக்கு ஐந்தரை அடி தட்டைத் தளம் நானே போட இறங்கினேன்.

வெல்டரைக் கேட்டால் செக்கர் பிளேட், அதாவது வழுக்காமலிருக்க மேலே மேடு வைத்த இரும்புத் தகடு என்பார், ஒரே நாளில் வேலை முடியுமே. 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ, மேலே இருக்கும் மேடு தனி. என் அளவுக்கு 100 கிலோ. வண்டி எடை கூடினால் ஏற்றும் பாரம் அவ்வளவு குறையணும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஓவர்லோடு அபராதமே 20,000 ரூபாயில்தான் ஆரம்பம். ஜல்லி, கம்பி ஏற்றுகிறவருக்குத் தகடுதான் சரி. நமக்கு? சித்திரை வெயிலில் லோடுமேன் வெறுங்காலோடு ஏறிப் பார்க்கட்டும்.

அலுமினியம் 35 கிலோவில் முடியும். மீன் வண்டிக்காரர் யோசிக்காமல் போடலாம். ஆனால் இரும்புச் சட்டத்தில் நேராக வைத்தால் ஈரம் பட்ட இடம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே ரப்பர் பட்டை கட்டாயம். விலையும் கையைக் கடிக்கும்.

நான் போட்டது ஒரு அங்குல வேப்பம் பலகை, சுமார் 75 கிலோ. பலகைக்குப் பலகை சுண்டுவிரல் இடைவெளி விட்டேன். மட்டைத் தண்ணீரும் நார்த்தூளும் கீழே போய்விடுகின்றன. டிரம் உருளாமல் கட்டை வைத்து ஆணி அடிக்கலாம், தகட்டில் அது நடக்காது. ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. வருஷத்துக்கு ஒருமுறை முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசணும், கேரளத்தில் வள்ளத்துக்குப் பூசுகிறார்களே, அதேதான். கையில் பட்டால் கொப்புளம்; உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே எதைப் போட்டாலும், கோட்டை விடுவது கீழேதான். முதல் தடவை தளத்தைத் தாங்கும் குறுக்கு இரும்புச் சேனலைச் சேஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு வெல்டிங் வைத்துவிட்டேன். ஆறே மாதத்தில் பின் ஸ்பிரிங் பட்டை பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல். குழி ரோட்டில் சேஸ் முறுக்கிக் கொடுக்கும். அதை விறைப்பாகப் பூட்டினால், வெல்டிங் சூடு பட்ட இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. இப்போது சேஸ் மேல் கனமான ரப்பர் பட்டை, அதன் மேல் 'C' வடிவ இரும்புச் சேனல், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க 'U' வடிவ போல்ட். மாதம் ஒருமுறை நட்டை முறுக்குகிறேன். சட்டத்தில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

பாடி வகை மாறுவதால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் ஏற்றணும். கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறை போகிறவர் பழைய ஆர்.சி.யை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கேபினுக்குப் பின்னால் தடுப்புக் கம்பி இன்னும் பாக்கி. அதுவரை தேங்காயைச் சாக்கில் கட்டித்தான் ஏற்றுகிறேன். பிரேக் அடித்தால் உதிரிக்காய் நேராகப் பின்கண்ணாடிக்கு வரும்.