ரீஃப் தொட்டிக்கு எந்த உப்பு? வாளியைத் திறக்கும் முன் பார்க்கவேண்டிய ஒரே எண்

ரீஃப் தொட்டிக்கு, அதாவது வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, உப்பு வேண்டும் என்று கடையில் கேட்டால், "கால்சியம் அதிகம், பவளம் வேகமா வளரும்" என்று சொல்லி விலை கூடிய வாளியைக் காட்டுவார்கள். கால்சியம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் உப்பைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பது ஆல்கலினிட்டியை, அதாவது பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டுகளின் அளவை. கலக்கிய உப்புநீரின் ஆல்கலினிட்டி, என் தொட்டி வழக்கமாக நிற்கும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

காரணம் எளிய கணக்கு. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது ஆல்கலினிட்டி 1 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) குறைந்தால், கால்சியம் ஏறத்தாழ 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 7 பங்கு) மட்டுமே குறைகிறது. 8-இல் இருந்த ஆல்கலினிட்டி 4-க்கு வந்து பவளம் திணறும் நேரத்திலும், 420-இல் இருந்த கால்சியம் 390-க்குப் பக்கத்தில் நிம்மதியாக நிற்கும். அதனால்தான் வாளியின் மேல் பெரிதாக அச்சடித்த கால்சியம் எண் என்னை அசைப்பதில்லை.

இயற்கைக் கடல்நீரில், உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கும் இடத்தில், ஆல்கலினிட்டி சுமார் 7 டிகேஎச், கால்சியம் 410 முதல் 420, மெக்னீசியம் 1300-ஐ ஒட்டி. கடைகளில் கிடைக்கும் கலவைகளை இதை வைத்துப் பிரித்துவிடலாம். ரெட் சீ நிறுவனத்தின் நீல வாளியும் ட்ரோபிக் மரின் ப்ரோ ரீஃபும் கடலை ஒட்டியவை. ஆல்கலினிட்டி 7, 8 என்று நிற்கும். அதே ரெட் சீயின் கருப்பு வாளியான கோரல் ப்ரோ 12-ஐத் தொடும். ரீஃப் கிரிஸ்டல்ஸும் அந்தப் பக்கம்தான். இன்ஸ்டன்ட் ஓஷன் நடுவில், 10, 11 அளவில்.

இப்போது கருப்பு வாளியை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் தொட்டி 8 டிகேஎச்சில் இருக்கிறது, வாரம் 20 லிட்டர் மாற்றுகிறீர்கள். புது நீர் 12 என்றால் தொட்டி 8.4-க்கு ஏறும். தொட்டியில் ஸோவாந்திட், மஷ்ரூம், ஓரிரண்டு ஹாமர் பவளங்கள் மட்டும்தான் என்றால் வாரச் செலவே அவ்வளவுதான் இருக்கும். தனியாக எதுவும் ஊற்றாமல், நீர் மாற்றத்திலேயே வண்டி ஓடிவிடும். கோரல் ப்ரோவுக்கு உகந்த இடம் இதுதான். இந்த மாதிரித் தொட்டிக்கு அதை மனதாரப் பரிந்துரைப்பேன்.

அக்ரோபோரா என்ற கல் பவளம் நிறைந்த தொட்டி என்றால் கதை வேறு. அது ஒரு நாளைக்கே 1 டிகேஎச் குடித்துவிடும், அதாவது வாரத்துக்கு 7. உப்பு தரும் 0.4 அதற்கு எந்த மூலைக்கு? ஆல்கலினிட்டியையும் கால்சியத்தையும் தானாகச் சேர்க்கும் டோசிங் பம்போ கால்சியம் ரியாக்டரோ எப்படியும் வேண்டும். அது வந்துவிட்டால் 12 டிகேஎச் உப்பு வாரம் ஒரு உலுக்கலாகத்தான் மிஞ்சும். என்றாவது 30 சதவீதம் மாற்ற நேர்ந்தால் 8 ஒரே மூச்சில் 9.2 ஆகும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் தொட்டியில் ஆல்கலினிட்டி இப்படி ஏறினால் அக்ரோபோராவின் நுனிகள் கருகும். அங்கே நீல வாளி அல்லது ட்ரோபிக் மரின். இந்த இரண்டில் கைச்செலவு பார்த்தால் நீலம். ட்ரோபிக் மரின் மருந்துத் தரமான உப்புகளிலிருந்து செய்யப்படுவது, சீக்கிரம் தெளிகிறது, விலைதான் கடிக்கும்.

கோரல் ப்ரோவில் இன்னொரு தொல்லை: கலக்கிய பிறகு வைத்திருக்க முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் கலக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆல்கலினிட்டியும் கால்சியமும் இரண்டுமே உயரத்தில் இருப்பதால் சுண்ணாம்பாகப் படியத் தொடங்கும். ராத்திரி கலக்கி வைத்துவிட்டு ஞாயிறு காலையில் மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. கடலை ஒட்டிய கலவைகள் இந்த விஷயத்தில் பொறுமைசாலிகள்.

இன்ஸ்டன்ட் ஓஷன் 1960களிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படுவது. மீன் மட்டும் வைத்திருப்பவர்களும் மென்பவளக்காரர்களும் யோசிக்காமல் வாங்கலாம். தெளிய நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ரீஃப் கிரிஸ்டல்ஸ் கலக்கும் வாளியில் பழுப்புப் படிவு விடும் என்று பலர் குறைப்படுவார்கள்; அடியில் தங்கியதை ஊற்றாமல் விட்டால் போதும்.

"தூத்துக்குடியில் உப்பு விளைகிறதே, அதைப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பாத்தியில் நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்து பிரிகின்றன, பிறகு சோடியம் குளோரைடு, மெக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு போய்விடுகிறது. கையில் வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். கடல்நீரையே எடுத்து வருவது அதைவிட நூறு மடங்கு மேல். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வடிகட்டிய கடல்நீரில்தான் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கிறது. ஆனால் சென்னைக் கரையில் கூவமும் அடையாறும் கலக்கின்றன, வடகிழக்குப் பருவமழையில் உப்புத்தன்மையும் இறங்கும். நகரத்துக்காரர்களுக்கு வாளி உப்புதான் சரி.

நம் கடலோர ஈரக்காற்றையும் கணக்கில் எடுங்கள். கலவையில் உள்ள கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டிதட்டிய உப்பைக் கரைத்தால் ஆல்கலினிட்டி குறைந்தே வரும். 20 லிட்டருக்கு சுமார் 760 கிராம் என்றால் மாதம் 3 கிலோ சொச்சம்; பெரிய வாளி ஆறேழு மாதம் திறந்து மூடப்படும். விலை கொஞ்சம் கூடினாலும் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள், இல்லையென்றால் வாங்கிய அன்றே காற்றுப்புகாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். பிரிக்கும் முன் மூடிய வாளியை நன்றாக உருட்டிவிடுங்கள், போக்குவரத்தில் நுண்துகள்கள் அடியில் இறங்கியிருக்கும்.

உப்பு மாற்றுவதென்றால் புது வாளி உப்பில் கொஞ்சத்தை ஒரு லிட்டர் ஆர்ஓ-டிஐ (தாதுக்கள் நீக்கிச் சுத்திகரித்த) நீரில் கலக்கி, 35 பிபிடி திரவத்தில் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டரால் (உப்புத்தன்மை அளக்கும் கருவி) 35-க்குக் கொண்டுவந்து, ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள். தொட்டியைவிட 1 டிகேஎச்சுக்குள் இருந்தால் வழக்கமான நீர் மாற்றத்தைத் தொடரலாம். அதற்கு மேல் என்றால் பழையதும் புதியதும் பாதிப் பாதியாக இரண்டு மூன்று வாரம்.